கார்வாரில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

கோவா வேண்டாம் என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். கூட்டம் ஆகாது, சத்தம் ஆகாது. கடலும் மலையும் ஒரே இடத்தில் வேண்டும், ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்கிறார். நீங்கள் ஒரு கட்டுரையில், கர்நாடகக் கடற்கரையில் கோவாவை ஒட்டி இருக்கும் கார்வாரைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நண்பர்களைக் கேட்டால் "அங்கே ஒன்றுமே இல்லை, கோவா போகும் வழியில் தாண்டிப் போகிற ஊர்" என்கிறார்கள். உண்மையா? எனக்கு ஜூலையில் விடுப்பு கிடைக்கும். மழையில் மலைகளைப் பார்த்தபடி மங்களூரிலிருந்து காரில் போகலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி உண்டு.

க., திருச்சி

அன்புள்ள க.,

உங்கள் அம்மா கேட்கிற ஊர் கார்வார்தான். ஆனால் ஜூலையில் வேண்டாம், காரிலும் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பக்கம் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் நிலம் மிகக் குறுகியது. சில இடங்களில் மலைச்சரிவு அப்படியே தண்ணீரில் இறங்குகிறது. அந்தச் சரிவைச் செங்குத்தாக வெட்டித்தான் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கினார்கள். வெட்டிய செம்மண் நாள்கணக்கில் மழையைக் குடித்தால் பிடிப்பு விட்டுப்போகும். 2024 ஜூலை 16 அன்று, கார்வாருக்குத் தெற்கே அங்கோலா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஷிரூரில் அதுதான் நடந்தது. சாலையோரத்து டீக்கடையும் அங்கே நிறுத்தியிருந்த லாரிகளும் மண்ணோடு சேர்ந்து கங்காவளி ஆற்றுக்குள் போயின. இறந்தவர்களில் தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களும் உண்டு. கேரள ஓட்டுநர் ஒருவரின் லாரியை ஆற்றிலிருந்து எடுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 7ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, கார்வாரில் காளி நதியின் பழைய பாலம் இடிந்தது. அதோடு ஆற்றில் விழுந்த லாரியை ஓட்டி வந்தவரும் தமிழ்நாட்டுக்காரர்தான். போலீஸும் உள்ளூர் மீனவர்களும் இருட்டில் படகெடுத்துப் போய் அவரை மீட்டார்கள். அந்த மீனவர்களை எனக்கு மறக்க முடியவில்லை. நீங்களும் அங்கே போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கொங்கண் ரயில் பாதையில் கார்வார் ஒரு நிலையம். பெங்களூரிலிருந்து மாலையில் கிளம்பும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் காலையில் கொண்டுபோய் விட்டுவிடும். நிலையம் ஊருக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது, ஆட்டோ கிடைக்கும்.

சரி, "ஒன்றுமே இல்லை" என்பதற்கு வருவோம். தாகூருக்கு 22 வயது இருக்கும்போது அவருடைய அண்ணன் சத்யேந்திரநாத் இங்கே நீதிபதியாக இருந்தார். இந்தியர்களில் முதல் ஐ.சி.எஸ். அதிகாரி அவர். அண்ணன் வீட்டில் தங்கிய தம்பி, பிறை போல வளைந்த கடற்கரையையும் சவுக்குத் தோப்பையும், நிலா வெளிச்சத்தில் காளி நதியில் படகில் போனதையும் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். ஒரு நாடகமும் இங்கே எழுதினார். இன்று அந்தக் கடற்கரைக்கு அவர் பெயர்தான். அந்த வளைவு இன்றும் அப்படியே தெரியும். நெடுஞ்சாலை ஒட்டியே போவதால் ஊர்ப்பக்கம் வண்டிச் சத்தம் உண்டு. வடக்கே கோடிபாக் பக்கம், ஆறு கடலில் சேரும் இடத்தை நோக்கிப் போனால் சத்தம் குறைந்துவிடும்.

எனக்குக் கார்வார் என்றால் அந்த முகத்துவாரம்தான். கிழக்கே மலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவிலிருந்து அகலமாக வருகிறது காளி. அக்கரையில் சதாசிவகட் குன்று. மேற்கே கடலில் சின்னச் சின்னத் தீவுகள், அவற்றில் ஒன்றில் கலங்கரை விளக்கம். காலையில் மலைப்பக்கம் பனிமூட்டம் இருக்கும்போதே கடல்பக்கம் வெயில் வந்துவிடும். அம்மாவுக்கு ஏற சிரமம் இருக்காது, சதாசிவகட் மேலே வரை வண்டிப் பாதை உண்டு. மாலை நாலரை மணி வாக்கில் போய் இருட்டும்வரை உட்கார்ந்திருங்கள். அன்றைக்கு வேறு எதையும் திட்டமிடாதீர்கள். பகலில் கடற்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சபல் போர்க்கப்பல் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். பிள்ளைகள் இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

சாப்பாட்டில் அவசரப்படாதீர்கள். அங்கே பாங்டா என்பது நம் கானாங்கெளுத்தி. தேங்காய் அரைத்துவிட்ட குழம்பில் தெப்பல் என்று ஒரு காயைத் தட்டிப் போடுகிறார்கள். நாக்கு லேசாக மரத்துப்போகும், மீன் வாசம் நன்றாக எடுக்கும். கூடவே கோகம் என்ற புளிப்புப் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சோல்கடி என்ற பானம். ஜூலை வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்: மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன், ஜூலை மாதங்களில். நம் பக்கம் போல ஏப்ரல் நடுவில் தொடங்குவதில்லை.

இந்த அமைதிக்குப் பின்னால் ஒரு கதை இருப்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெற்கே நல்ல கடற்கரைகள் பல இன்று கடற்படை வசம் இருக்கின்றன. 2005இல் அங்கே ஐ.என்.எஸ். கடம்பா தளம் வந்தது. அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரைக் காலி செய்தன, பலர் மீனவர்கள். மிச்சமிருந்த தாகூர் கடற்கரைக்கும் 2020 ஜனவரியில் துறைமுக விரிவாக்கத்தால் ஆபத்து வந்தபோது, மீனவர்கள் தெருவில் இறங்கினார்கள். கடைகளை அடைத்து ஊரே அவர்களோடு நின்றது. உயர்நீதிமன்றம் வேலையை நிறுத்தி வைத்தது. நீங்களும் அம்மாவும் உட்காரப்போகிற மணல் அவர்கள் போராடிக் காப்பாற்றியது. அங்கே வலை காய்கிற இடத்தைச் சுற்றிப் போங்கள். மீன் வாங்குவதானால் கரையில் விற்கும் பெண்களிடமே வாங்குங்கள். கொங்கணி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களே விரலை மடக்கி விலை சொல்லிவிடுவார்கள்.

டிசம்பர் கடைசி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கோவாவில் இடம் கிடைக்காதவர்கள் அப்போது இங்கே வந்துவிடுகிறார்கள். நவம்பரில் விடுப்பு கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.