சிவப்பு மையில் பச்சை குத்தினால் தோலுக்கு ஆகாது என்கிறார்களே, உண்மையா?

மணிக்கட்டில் சிவப்பில் ஒரு சின்ன ரோஜா குத்திக்கொள்ள ஆசை, வீட்டில் மற்ற நிறம் எதுவானாலும் சரி, சிவப்பு மட்டும் வேண்டாம் என்கிறார்கள், அதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. நான் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தங்கச்சிமடம். படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் கணக்கு பார்க்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் அம்மா வைத்த செம்பருத்தி ஒன்று உண்டு. உப்புக் காற்றில் மற்ற செடிகள் கருகினாலும் அது பூத்துக்கொண்டே இருக்கும். அம்மா தவறிய மறுவருடம் அந்தப் பூவை இடது முன்கையில் குத்திக்கொண்டேன். ஓரமெல்லாம் கறுப்புக் கோடு, உள்ளே ஐந்து இதழும் சிவப்பு.

அதன் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் அப்பத்தா கையில் குறத்தி குத்திய கோலம் இருந்தது. விளக்குக் கரிதான் மை. தோலுக்கடியில் போய்ச் சேர்ந்ததும் கரி நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். அதையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, கையில் சிவப்பாக ஒரு பூ என்பது பெரிய ஆச்சரியம். ஆனால் குத்திய அன்று தெரியும் அந்தச் சிவப்பு நிற்காது. பாதி மையின் நிறம், பாதி புண்பட்ட தோலின் சிவப்பு. மை உட்காருவது உள்தோலில். நம் தோலின் கருநிறம் அதற்கு மேலே இருக்கிறது. அதன் வழியாகத்தான் மையைப் பார்க்கிறோம். மாநிறம் தாண்டிய, வெயில் காய்ந்த என் கையில் ஒரே மாதத்தில் செங்கல் நிறமாகிவிட்டது. அப்படியும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஏழு மாதம் ஒன்றுமே இல்லை. கத்திரி வெயிலில் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் வியர்க்குரு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் கரண்ட் போன ராத்திரி, பக்கத்தில் படுத்திருந்த அப்பா தற்செயலாக என் கையைப் பிடித்தவர், "என்னப்பா, பூ கைக்குத் தட்டுது?" என்றார். தடவிப் பார்த்தேன். கறுப்புக் கோடு வழவழவென்று தோலோடு தோலாக இருக்கிறது. சிவப்பு இருந்த இடம் மட்டும் தடித்து, இதழ் இதழாக எழும்பி நிற்கிறது. இருட்டில் விரலாலேயே ஐந்தையும் எண்ண முடிந்தது.

ராமநாதபுரத்தில் தோல் டாக்டரிடம் போனபோதுதான் விவரம் தெரிந்தது. பச்சை குத்தும் மையால் வரும் ஒவ்வாமையில் முதலிடம் சிவப்புக்குத்தான். கறுப்பிலும் வரும், ஆனால் குறைவு. முற்காலத்துச் சிவப்பு மை சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும். பிறகு காட்மியம் வந்தது. இப்போது பெரும்பாலும் அசோ வகை நிறமிகள், பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அச்சு மைக்கும் என்று உண்டானவை. பிக்மென்ட் ரெட் 22, 170, 210 என்று எண் போட்டிருப்பார்கள். நம் உடம்பின் காவல் செல்கள் இந்த மைத்துகளை விழுங்கிக்கொள்கின்றன. செரிக்க முடியாது, அப்படியே வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் செத்தால் அடுத்தது எடுத்துக்கொள்கிறது. பச்சை ஆயுசுக்கும் நிற்பது இப்படித்தான். நாளாக ஆக, வெயில் பட, நிறமி சிதைந்து உண்டாகும் சில பொருட்கள் ஒரு சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. அது வாரக்கணக்கிலும் தெரியலாம், வருடக்கணக்கிலும் தெரியலாம்.

இதனால்தான் "முதலில் ஒரு புள்ளி குத்திப் பாருங்கள்" என்ற யோசனையை நான் அரைகுறையாகத்தான் நம்புகிறேன். புள்ளி வைத்து இரண்டு நாள் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. நாலைந்து மாதமாவது பொறுக்க வேண்டும், அதுவும் முழு உத்தரவாதம் ஆகாது. எனக்கு முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றுமே காட்டவில்லை. பிரச்சினை செய்யும் பொருள் தோலுக்குள் போன பிறகு உண்டாகிறது என்பதால் அந்தப் பரிசோதனை பல பேருக்கு இப்படித்தான் வரும் என்றார் டாக்டர்.

களிம்பு கேட்கவில்லை. பிறகு மதுரையில், தடிப்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, மாதம் ஒன்றாக நாலு. நாலு இதழ் அமுங்கின. ஐந்தாவது அமுங்கவில்லை. அதை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது.

நடுவில் ஒரு கடையில் லேசரில் மூன்றே சிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்றார்கள். டாக்டர் கண்டிப்பாகத் தடுத்தார். ஒவ்வாமை வந்த சிவப்பை லேசர் சிறுசிறு துண்டாக உடைத்தால் அது உடம்பு முழுக்கப் பரவி, மூச்சுத் திணறல் வரைக்கும் போகக்கூடும். அரிப்பு இருக்கும்போது டாக்டரைப் பார்க்காமல் லேசர் பக்கம் போகவே போகாதீர்கள்.

நம் கரைக்காரர்களுக்கு இன்னொன்று. குத்தியவர் என்னிடம், "மூணு நாள் தண்ணி படாம பாத்துக்கங்கண்ணே, போதும்" என்றார். போதாது. மேல்தோல் ஆறவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கடலில் இறங்கக் கூடாது, மீன் கழுவிய தண்ணீரிலும் கை வைக்கக் கூடாது. உப்புத்தண்ணீரில் விப்ரியோ என்று ஒரு கிருமி உண்டு. ஈரல் கோளாறு, சர்க்கரை உள்ளவர்களுக்கு அது உயிரையே எடுக்கும். தழும்பு தடித்து வளரும் வாகு உங்கள் குடும்பத்தில் இருந்தால், எந்த நிறமுமே வேண்டாம். ரத்த தானம் செய்கிறவராக இருந்தால், குத்திய நாளிலிருந்து ஒரு வருடம் கொடுக்க முடியாது. பிரசவத்துக்கு அவசரமாக ரத்தம் வேண்டும் என்று பாம்பனிலிருந்து நண்பன் கூப்பிட்டபோது எனக்கு அது தெரிந்தது. என் குரூப்தான், கொடுக்க முடியவில்லை.

சரி, உங்கள் ரோஜா. கறுப்புக் கோட்டிலேயே வரைந்து பாருங்கள், ரோஜா நிறமில்லாமலும் ரோஜாவாகத்தான் தெரியும். சிவப்பு இல்லாமல் முடியாது என்றால் சின்னதாக, வெயில் படாத இடத்தில். மணிக்கட்டு வேண்டாம். திருவிழாக் கடையில் குத்தாதீர்கள். ஒரே ஊசி, ஒரே கிண்ணத்து மை பல கைக்கும் போகும், மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் அப்படிப் பரவக்கூடும். ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரியிலிருந்து பச்சை குத்தும் மையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட மையா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற கடை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாட்டிலின் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நிறமி எண் தெரியும்படி. டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் எடுக்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டபோது கடையில் அந்தப் பாட்டில் தீர்ந்து, தூக்கிப் போட்டிருந்தார்கள்.