சுரங்கம் வெட்டிய 48-ஆவது பட்டாளம்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த பீட்டர்ஸ்பர்க் முற்றுகை (1864 ஜூன் – 1865 ஏப்ரல்) பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரைத் தெற்கத்தியப் படை காத்து நின்றது. வடக்கத்தியப் படை ஒன்பது மாதத்துக்கு மேல் அதை நெருக்கியது. இதற்கு நடுவில் வடக்கத்தியப் படையில் நிலக்கரித் தொழிலாளர் நிறைந்த ஒரு ரெஜிமென்ட், எதிரியின் பீரங்கி மேட்டுக்கு அடிவரை சுரங்கம் வெட்டி வெடி வைத்தது. குறிப்பைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலர் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் கல் குவாரியும் கிணற்று வேலையும் தெரிந்தவர்கள் என்பது கேள்விகளிலேயே தெரிகிறது.

கிருஷ்ணகிரி வாசகர்: இவர்கள் ராணுவத்தின் சுரங்கப் பிரிவா? எப்படிச் சேர்க்கப்பட்டார்கள்?

இல்லை. இது சாதாரணக் காலாட்படை. முழுப்பெயர் 48-ஆவது பென்சில்வேனியா தன்னார்வக் காலாட்படை ரெஜிமென்ட். 1861-இல் போர் மூண்டபோது மத்திய அரசின் நிரந்தர ராணுவம் மிகச் சிறியது. எனவே ஒவ்வொரு மாநிலமும் ஆள் திரட்டிக் கொடுத்தது. ஊர் ஊராக ஒரு கம்பெனிக்கு நூறு பேர் என்று சேர்த்து, பத்துக் கம்பெனிகளை ஒரு ரெஜிமென்டாக்கினார்கள். மூன்றாண்டு ஒப்பந்தம், சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் சம்பளம். 1864-இல் அது 16 டாலர் ஆனது.

48-ஆவது ரெஜிமென்ட் ஸ்கூல்கில் என்ற மாவட்டத்திலிருந்து திரண்டது. அங்கே மண்ணுக்கு அடியில் கெட்டி நிலக்கரி. ஊரின் பிழைப்பே அதுதான். இரண்டாம் புல் ரன், ஆன்டீட்டம், ஃபிரெடரிக்ஸ்பர்க், நாக்ஸ்வில் என்று பல களங்கள் கண்டு, பீட்டர்ஸ்பர்க் வந்தபோது ஆயிரத்தில் ஏறக்குறைய 400 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அவர்களில் நூறு பேர் வரை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களை நடத்திய லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளெஸன்ட்ஸ், ரயில் பாதைக்கு மலையைக் குடைந்த அனுபவமுள்ள பொறியாளர். எதிரி மேடு 130 கெஜத்துக்கு அப்பால்தான் இருந்தது. அதன் அடியில் போய் வெடி வைத்துவிடலாம் என்ற யோசனை சிப்பாய்களிடமிருந்து எழுந்தது. பிளெஸன்ட்ஸ் அதைத் திட்டமாக்கினார், 9-ஆவது கோர் என்ற பெரும் படைப்பிரிவின் தளபதி பர்ன்சைட் ஒப்புதல் கொடுத்தார்.

பர்கூர் வாசகர்: என்ன கருவி, என்ன அளவு? தோண்டிய மண்ணை எங்கே மறைத்தார்கள்?

1864 ஜூன் 25 அன்று தொடங்கினார்கள். தலைமையகத்திலிருந்து உருப்படியாக ஒன்றும் வரவில்லை. ராணுவத்தின் பிக்காசு குறுகலான சுரங்கத்துக்குள் வீச முடியாத அளவு அகலம். பீரங்கிப் பிரிவின் கொல்லர்களிடம் கொடுத்து அலகைத் தட்டித் திருத்திக்கொண்டார்கள். மண் வாரத் தள்ளுவண்டி கிடைக்கவில்லை. பிஸ்கட் வந்த மரப்பெட்டிகளுக்கு இரு பக்கமும் கழி அடித்து, ஆளுக்கொரு முனை பிடித்துச் சுமந்தார்கள். வெளியே வந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டி மேலே புதர் வெட்டிப் போட்டு மூடினார்கள். புது மண்ணின் நிறம் எதிரியின் கண்ணில் பட்டால் அன்றோடு வேலை முடிந்தது.

சுரங்கம் கீழே சுமார் 4 அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல். உயரம் நாலரை முதல் 5 அடி. நிமிர்ந்து நிற்க முடியாது. முகப்பில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் மண் சுமக்கவும் முட்டு அறுக்கவும் மாறி மாறி நின்றார்கள். முட்டுக்கு வேண்டிய மரம் ஒரு பழைய ரயில் பாலத்தைப் பிரித்துக் கிடைத்தது. அது போதாமல், சில மைல் தள்ளிக் கைவிடப்பட்டுக் கிடந்த மர அறுவை ஆலையை ஓட்டிப் பலகை அறுத்தார்கள்.

ஜூலை 2 அன்று ஈர மண் வந்தது. முட்டு சரிந்து, கூரையும் தரையும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டன. பிரித்து மறுபடி முட்டுக் கொடுத்துத்தான் மேற்கொண்டு தோண்ட முடிந்தது. அடுத்து, பிசின் போல ஒட்டும் சுண்ணாம்புக் களிமண் அடுக்கு குறுக்கிட்டது. காற்றுப் பட்டால் கல்லாக இறுகிவிடும். அதை வெட்டி நேரம் வீணாக்காமல், 100 அடி நீளத்தில் பதிமூன்றரை அடி உயர்த்திச் சுரங்கத்தை அடுக்குக்கு மேலே கொண்டுபோனார்கள். கிணறு வெட்டுகிறவர்களுக்கு இந்த முடிவின் அருமை புரியும். வாய் தாழ்வாகவும் உள்ளே ஏற்றமாகவும் இருந்தால் கசியும் நீரும் தானாக வெளியே ஓடிவரும்.

ஜெகதேவி வாசகர்: நூறு அடி தாண்டினாலே மூச்சு முட்டும். மின்விசிறி இல்லாத காலத்தில் 500 அடி எப்படிப் போனார்கள்?

ராணுவத்தின் தலைமைப் பொறியாளரும் இதையே சொன்னார்: இவ்வளவு நீளத்துக்குக் காற்று போகாது, நடக்காத காரியம். மேலே மண் துளைத்து வழிநெடுக காற்றுக்குழி போடுவதுதான் வழக்கம். இங்கே மேலே எதிரி இருந்தான்.

நிலக்கரிக்காரர்கள் தங்கள் ஊர் முறையைக் கையாண்டார்கள். வாயிலிருந்து சுமார் 100 அடி உள்ளே, இன்னும் தங்கள் படையின் எல்லைக்குள்ளேயே, சுரங்கத்தை ஒட்டி மேல்நோக்கி ஒரு குழல் வெட்டினார்கள். அதன் அடியில் இடைவிடாமல் தீ எரிந்தது. சுரங்க வாயைக் கித்தான் கதவு போட்டு இறுக மூடினார்கள். கதவுக்கு அடியில் நுழைந்து தரையோடு தரையாக முகப்பு வரை ஒரு மரப்பெட்டிக் குழாய் போனது.

தீயால் சூடான காற்று குழல் வழியே மேலே ஏறும். அது ஏற ஏற, சுரங்கத்துக்குள் இருக்கும் கெட்ட காற்றைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். கதவு மூடியிருப்பதால் அதற்குப் பெட்டிக் குழாய் ஒன்றுதான் வழி. குழாயின் மறுமுனை தோண்டுகிறவனின் காலடியில் இருப்பதால், நல்ல காற்று முதலில் அவனிடம் போய்ச் சேரும். சுரங்கம் நீள நீள குழாயையும் நீட்டினால் போதும், புதிதாகக் குழி வேண்டாம். கதவில் இடுக்கு விட்டால் இந்த ஏற்பாடே கெட்டுவிடும்: வெளிக்காற்று இடுக்கு வழியே நுழைந்து நேராகத் தீக்குப் போய்விடும், முகப்பில் இருப்பவன் திணறுவான். ஆள் போகவர ஒவ்வொரு முறை திறந்தபின்னும் கதவை இறுக்க வேண்டியது அதனால்தான்.

ஜூலை 17-இல் முகப்பு எதிரி மேட்டின் நேர் அடிக்கு வந்தது. மொத்த நீளம் 510.8 அடி. திசையும் தூரமும் பிசகாமல் இருந்ததற்குக் காரணம் கோணம் அளக்கும் கருவியான ஒரு பழைய தியோடலைட். ராணுவத் தலைமையகம் கருவி தர மறுத்தபோது பர்ன்சைட் அதை வாஷிங்டனிலிருந்து வரவழைத்தார். முன்வரிசைப் பதுங்குகுழியில் நின்று முக்கோண அளவை முறையில் பிளெஸன்ட்ஸ் கணக்கிட்டார்.

அரூர் வாசகர்: எதிரிக்குச் சத்தம் கேட்கவில்லையா?

சந்தேகம் வந்தது. எதிர்க்குழிகள் தோண்டிக் காது வைத்துக் கேட்டார்கள், ஆனால் இடம் தப்பியது. அவர்கள் தோண்டும் சத்தம் சுரங்கத்துக்குள் கேட்டதும், பிளெஸன்ட்ஸ் முட்டுச் சட்டங்களை வெளியிலேயே அளந்து அறுத்து, உள்ளே சுத்தியல் படாமல் பொருத்தச் சொன்னார். இடது பக்கம் 37 அடி, வலது பக்கம் 38 அடி என்று இரண்டு கிளைகள் அப்படி அமைதியாக வெட்டப்பட்டு, ஜூலை 23-இல் முடிந்தன.

மத்தூர் வாசகர்: எவ்வளவு மருந்து? எப்படிக் கெட்டித்தார்கள்? திரி அணைந்தது என்று எழுதியிருந்தீர்களே, அது எப்படி நேர்ந்தது?

மருந்து, நம் குவாரிக்காரர்கள் அறிந்த கருமருந்துதான். வெடியுப்பு முக்கால் பங்கு, மிச்சம் கரியும் கந்தகமும். இது கல்லை நொறுக்காமல் தள்ளும் வகை. பெரிய கல்லைச் சிதையாமல் பெயர்க்க இதை வைப்பதும் அதற்காகத்தான். மண்மேட்டைத் தூக்கி எறிவதற்கும் தள்ளும் மருந்தே பொருத்தம்.

25 பவுண்டு பீப்பாய்கள் 320. ஆக 8,000 பவுண்டு, அதாவது 3,600 கிலோவுக்குச் சற்று மேல். கிளைக்கு நான்காக எட்டு அறைகளில் பிரித்து வைத்தார்கள். எட்டும் ஒன்றாக வெடிக்க, பாதியளவு மருந்து நிரப்பிய மரத்தொட்டிகளால் அறைகளை இணைத்தார்கள். மேலே எதிரியின் பீரங்கித்தளம் வரை சுமார் 20 அடி மண். வெடிப்பின் வேகம் வந்த வழியே திரும்பாமல் இருக்க, பிரதான சுரங்கத்தில் 34 அடிக்கும் கிளை வாய்களில் பத்துப் பத்து அடிக்கும் மண் கெட்டித்தார்கள். ஜூலை 28 மாலைக்குள் எல்லாம் தயார்.

பர்ன்சைட் கேட்டது 12,000 பவுண்டு. மேலிடம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. மருந்து கூடினால் பள்ளம் அகலமாகி ஓரங்கள் சரிவாக விழும், ஆள் ஓடிக் கடக்கலாம் என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் அருமை பிற்பாடு தெரிந்தது.

திரியில் நடந்த கஞ்சத்தனம் இன்னும் மோசம். ஒரே நீளமாக வேண்டும் என்று கேட்டதற்குத் துண்டு துண்டாக வந்தது. 98 அடிக்கு மூன்று வரிசையாக ஒட்டுப்போட்டு இழுத்தார்கள். வெளியே காய்ந்த இடத்தில் ஒட்டு தாங்கலாம். ஈரமான சுரங்கத்தில் ஒரு நாளுக்கு மேல் கிடந்த ஒட்டு நமத்துப்போகாமல் என்ன செய்யும்? ஜூலை 30 விடியற்காலை 3:15-க்குப் பற்றவைத்தார்கள். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. விடிந்துவிட்டால் தாக்குதலுக்குக் காத்து நிற்கும் ஆயிரக்கணக்கான பேர் எதிரியின் கண்ணில் படுவார்கள்.

வெடிக்காத வேட்டின் பக்கம் போவது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜென்ட் ஹாரி ரீஸும் லெப்டினன்ட் ஜேகப் டௌட்டியும் உள்ளே போனார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் நெருப்பு நின்றிருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி பற்றவைத்துவிட்டு வெளியே வந்தார்கள். 4:45 மணியளவில் மேடு வானத்துக்கு எழும்பியது. அந்த இருவரின் பெயரும் தளபதிகளின் பெயருக்கு முன்னால் சொல்லப்பட வேண்டியவை.

தர்மபுரி கல்லூரி மாணவி: வேலை இவ்வளவு சுத்தமாக முடிந்தபின் வடக்கத்தியப் படை அந்தத் தாக்குதலில் ஏன் தோற்றது?

வெடி தன் வேலையைச் செய்தது. சுமார் 170 அடி நீளம், 60 அடி அகலம், 30 அடி ஆழப் பள்ளம் விழுந்தது. மேலே இருந்த தென் கரோலினா படையினரும் பீரங்கிக்காரர்களுமாக 278 பேர் அந்த நொடியில் செத்தார்கள், அல்லது காயம்பட்டார்கள். எதிரி வரிசையில் பெரிய ஓட்டை. பள்ளத்தின் இரு பக்கமும் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த மேட்டைப் பிடித்திருந்தால் ஊர் விழுந்திருக்கலாம்.

அப்படிச் சுற்றிப் போவதற்கென்றே ஒரு டிவிஷன் பயிற்சி எடுத்திருந்தது: ஒன்பது ரெஜிமென்ட் கறுப்பினச் சிப்பாய்கள். தாக்குதலுக்கு முந்தைய நாள் பர்ன்சைட்டின் மேலதிகாரி ஜெனரல் மீட் அவர்களை முன்வரிசையிலிருந்து நீக்கினார், வடக்கின் தலைமைத் தளபதி கிராண்டும் ஒப்புக்கொண்டார். தோற்றுவிட்டால் கறுப்பர்களைப் பலி கொடுத்துவிட்டோம் என்ற பழி வருமே என்ற பயம். மிச்சமிருந்த மூன்று டிவிஷன்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சீட்டு அவற்றில் ஒன்றின் தளபதியான ஜெனரல் லெட்லிக்கு விழுந்தது. அவருடைய ஆட்களுக்குப் பயிற்சியும் இல்லை, சரியான விளக்கமும் இல்லை. தங்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறக்கூட ஏணி வைக்கப்படவில்லை. முன்னால் இருந்த தடைகளும் அகற்றப்படவில்லை. லெட்லி பின்னால் பாதுகாப்பறையில் மது குடித்துக்கொண்டிருந்தார்.

படை பள்ளத்தைச் சுற்றாமல் அதற்குள்ளேயே இறங்கியது. ஓரங்கள் செங்குத்தான களிமண், கால் பிடிக்கவில்லை. அடுத்தடுத்த டிவிஷன்களும் அதே குழிக்குள் வந்து நெரிந்தன. கடைசியில் கறுப்பினச் சிப்பாய்களையும் அனுப்பினார்கள். அவர்கள் முன்னேறிப் போராடினார்கள். தெற்கத்திய ஜெனரல் மகோனின் படை எதிர்த்தாக்கியபோது, சரணடைந்த பின்னும் பலர் கொல்லப்பட்டார்கள். இந்தப் போரின் இந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சுரங்கத்தை மட்டும் வியந்து பேசுவது நியாயமில்லை.

வடக்கின் இழப்பு: இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் சேர்த்து 3,798. தெற்குக்கு ஏறக்குறைய 1,500. பர்ன்சைட் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். 48-ஆவது ரெஜிமென்டுக்கு அன்றைய தாக்குதலிலிருந்து விலக்கு கொடுத்திருந்தார்கள்.

காவேரிப்பட்டினம் வாசகர்: நம் கிருஷ்ணகிரிக் கோட்டையை இப்படிப் பிடித்திருக்க முடியுமா?

முடியாது. பீட்டர்ஸ்பர்க் மண்மேடு, இங்கே முழுப் பாறை. கருமருந்தும் உளியும் கொண்டு அவ்வளவு தூரம் குடைய எந்தப் படையாலும் காத்திருக்க முடியாது. 1768-இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது முற்றுகையால்தான், வெடியால் அல்ல. 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல் கீழே பேட்டையைப் பிடித்துவிட்டு, ஓடுகிறவர்களோடு கலந்து மேலே நுழையப் பார்த்தார். கதவு அடைபட்டது. ஏணி வைத்தபோது மேலிருந்து திப்புவின் வீரர்கள் பெரும் கற்களை உருட்டிவிட்டார்கள். திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கைப்படிதான் சுற்றியிருந்த பாராமகால் பகுதியோடு கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது.

பாலக்கோடு வாசகர்: அதற்குப் பிறகு அந்த ரெஜிமென்ட் என்ன ஆனது?

முற்றுகை இன்னும் எட்டு மாதம் நீண்டது. ஊரை முழுவதும் வளைக்க ஆள் போதாததால், ஊருக்குள் வரும் ரயில் பாதைகளை ஒவ்வொன்றாக வெட்டுவதே கிராண்டின் வழி. 48-ஆவது ரெஜிமென்ட் பதுங்குகுழியிலேயே குளிர்காலத்தைக் கழித்தது. பிளெஸன்ட்ஸ் 1864 டிசம்பரில் பணி முடித்து நிலக்கரிக்குத் திரும்பினார். 1865 ஏப்ரல் 2 அன்று எதிரியின் மகோன் கோட்டை மீது நடந்த கடைசித் தாக்குதலில் ரெஜிமென்ட் முன்னால் நின்றது. அதன் கர்னல் ஜார்ஜ் கோவன் அங்கே கொல்லப்பட்டார். அன்றிரவே தெற்கத்தியப் படை ஊரைக் காலி செய்தது. ஜூலையில் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. சுரங்க வாயும் பள்ளமும் பீட்டர்ஸ்பர்க் தேசியப் போர்க்களப் பூங்காவில் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன.