உமிழ்நீர்ச் சுரப்பி அறுவை சிகிச்சையும் காது மடலின் உணர்ச்சியும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் தாயாருக்குக் காதுக்கு முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி இருக்கிறது; புற்றுநோய் இல்லை என்று தெரிந்துவிட்டது. கட்டியை எடுத்தால் காது மரத்துப்போகும் என்கிறார்களே, தவிர்க்க முடியாதா?

பதில்: பெருமளவு தவிர்க்கலாம். கழுத்தின் 2, 3ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து வரும் பெருஞ்செவி நரம்பு, கழுத்தின் பக்கவாட்டுத் தசையின் மேலேறிக் காதை நோக்கிச் செல்கிறது. தோலை விலக்கியதும், புறக்கழுத்துச் சிரைக்கு ஒரு விரல் அகலம் பின்னால், வெண்ணிறக் கயிறுபோல் அது கண்ணில் படும். அதன் முன்கிளை சுரப்பிக்குள் புகுந்து கன்னத்துக்குப் போவதால் அதைப் பெரும்பாலும் வெட்டியே ஆக வேண்டும். ஆனால் காது மடலுக்குச் செல்லும் பின்கிளையைப் பிரித்தெடுத்துப் பின்னே ஒதுக்கி வைத்துக்கொள்ள முடியும். இதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும், அவ்வளவே. கட்டி நரம்பை ஒட்டியிருந்தால் மட்டும் நரம்பைக் காக்க முனையக் கூடாது.

கேள்வி: முகத் தசைகளை இயக்கும் முக நரம்பு பிழைத்தால் போதாதா? வெறும் மரத்துப்போதலுக்கு இவ்வளவு அக்கறை ஏன்?

பதில்: முக நரம்புதான் முதலில், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘வெறும்’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். என்னிடம் வந்த ஓர் அம்மையார், தோட்டின் திருகு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பகல் முழுதும் நடமாடியதாகச் சொல்லிக் கண்கலங்கினார். ஆண்கள் சவரம் செய்கையில் தாடையோரம் வெட்டிக்கொள்கிறார்கள். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடு காதில் பட்டாலும் உறைப்பதில்லை.

கேள்வி: எனக்கு அந்த நரம்பை வெட்டி நான்கு மாதமாகிறது. உணர்ச்சி திரும்புமா?

பதில்: முதல் ஓராண்டில் மரத்த பரப்பு மெல்லச் சுருங்குவதே வழக்கம்; அக்கம்பக்கத்து நரம்புகள் ஓரளவு ஈடுகொடுக்கும். காது மடலின் கீழ்நுனியில் மட்டும் சிறிது மரத்தே இருந்துவிடலாம். கழுத்தில் ஓரிடத்தைத் தட்டினால் மின்சாரம் பாய்வதுபோல் வலித்தால், வெட்டுமுனையில் நரம்பிழைகள் திரண்டு சிறு கட்டி (நியூரோமா) உண்டாகியிருக்கக்கூடும், அதைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: சாப்பிடும்போது அறுவை செய்த கன்னம் வியர்க்கிறது. இதுவும் அதனாலா?

பதில்: இல்லை, இது வேறு நரம்பு. உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் இழைகள் அறுபட்டு மீண்டும் வளர்கையில், வழிதவறித் தோலின் வியர்வைச் சுரப்பிகளைச் சென்றடைகின்றன. 1923இல் இதை விரிவாக விளக்கிய போலந்து நரம்பியல் மருத்துவர் லூசியா ஃபிரே அம்மையாரின் பெயரால் இது வழங்குகிறது. தொல்லை மிகுந்தால் போடாக்ஸ் ஊசி நல்ல பலன் தரும்.

கேள்வி: தாடைக்குக் கீழுள்ள சுரப்பியில் கல். அந்தச் சுரப்பியை எடுத்தால் நாக்கு மரத்துப்போகுமா?

பதில்: அங்கே நாக்கு நரம்பைக் கவனிக்க வேண்டும். சுரப்பியைக் கீழே இழுக்கும்போது, ஒரு சிறு நரம்பு முடிச்சின் வழியே அதனுடன் பிணைந்துள்ள நாக்கு நரம்பும் வளைந்து கீழிறங்கி வரும். அந்த வளைவைச் சுரப்பியின் நாளமென்று (உமிழ்நீரை வாய்க்குக் கொண்டுசெல்லும் குழாய்) எண்ணிக் கட்டிவிட்டால் நாக்கின் அந்தப் பாதி உணர்வும் சுவையும் இழக்கும். தசையை முன்னே விலக்கி, நரம்பையும் நாளத்தையும் தனித்தனியே கண்ணால் பார்த்த பிறகே, சுரப்பிக்குச் செல்லும் சிறு கிளையை மட்டும் வெட்ட வேண்டும்.