சம்பில் தேநீர் நிற மழைநீர்: பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதற்கு முன்

பெங்களூரு மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டு மொட்டை மாடியின் பாதிப் பரப்பில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் கவிந்திருக்கிறது. கோடை மழை தொடங்கியதும் சம்பில், அதாவது நிலத்தடி நீர்த்தொட்டியில், சேரும் நீர் வெளிர் தேநீர் நிறத்தில் இருக்கிறது, துணியில் வடிகட்டினாலும் நிறம் போவதில்லை, சில நாட்களில் அழுகிய முட்டை வாடையும் வருகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பிளம்பர். மரத்தையே வெட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். இந்த நீரைப் பயன்படுத்தலாமா என்பது வாசகியின் கேள்வி.

துணியில் நிறம் நிற்காததற்குக் காரணம், அந்த நிறம் நீரில் மிதக்கும் தூசியால் வருவதன்று, நீரிலேயே கரைந்திருக்கும் பொருள்களால் வருவது. இலையும் பட்டையும் விடும் டானின்கள் (துவர்ப்புப் பொருள்கள்), சர்க்கரைகள், கரிம அமிலங்கள் ஆகியவற்றில் உள்ள கார்பனை மொத்தமாக அளந்து, கரைந்த கரிமக் கார்பன் என்று நீரியலாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆய்வகத்தில் 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளைக் கடந்து வரும் நீரில்தான் இது அளக்கப்படுகிறது என்பதால், வேட்டித்துணியை நான்காக மடித்துக் கட்டினாலும் பயனில்லை.

வானிலிருந்து நேராக விழும் மழையில் இக்கார்பன் பெரும்பாலும் லிட்டருக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். அதே மழை காட்டின் இலைக்கூரையைக் கடந்து சொட்டும்போது 5 முதல் 20 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். அடிமரத்தின் பட்டை வழியே வழிந்திறங்கும் நீரில் இன்னும் பல மடங்கு கூடும். இலைமேல் படிந்த தூசி, மகரந்தம், சாறுண்ணிப் பூச்சிகள் கழிக்கும் தேன்போன்ற கசிவு, இலையின் உள்ளிருந்தே ஊறி வெளிவரும் பொருள்கள் எல்லாம் இதில் சேர்கின்றன. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையில் செறிவு உச்சத்தில் இருக்கும், மழை தொடரத் தொடரக் குறையும். ஏப்ரல், மே மாத மழையில் உங்கள் சம்ப் கறுப்பதும் செப்டம்பர், அக்டோபரில் ஓரளவு தெளிவதும் இதனால்தான்.

காட்டில் இந்த நீர் மண்ணில் இறங்குகிறது. நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைச் சில நாட்களிலேயே தின்றுவிடுகின்றன. களிமண்ணும் இரும்பு ஆக்சைடுகளும் இன்னொரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஆகவே ஓடையை அடையும்போது நீர் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. உங்கள் சம்பில் மண் இல்லை, காற்றோட்டமும் இல்லை. பாக்டீரியாக்கள் அந்தக் கார்பனை உண்டு, நீரில் கரைந்த ஆக்சிஜனையும் தீர்த்துவிட, அடியில் படிந்த இலைச்சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு எழுகிறது. முட்டை வாடைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிளீச்சிங் பவுடரை இந்த நிலையில் கொட்ட வேண்டாம். போடும் குளோரினின் பெரும்பகுதியைக் கரிமப் பொருளே விழுங்கிவிடும், கிருமிகளுக்கு மிஞ்சுவது சொற்பம். மேலும், இயற்கையான கரிமப் பொருளோடு குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்கள் என்னும் தீங்கான சேர்மங்கள் உண்டாகின்றன என்பதை நெதர்லாந்தின் யோஹானஸ் ரூக் 1974இல் எடுத்துக்காட்டினார். நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பது இதன்பொருட்டே. இன்னொரு பொறியும் உண்டு. மீதக் குளோரினைப் பார்க்கக் கடைகளில் கிடைக்கும் ஆர்த்தோ டாலுடின் சொட்டு, குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும். நீரே மஞ்சளாக இருக்கும்போது குளோரின் இருப்பதாகவே தோன்றி ஏமாற்றும். யூ.வி. விளக்கு உள்ள சுத்திகரிப்பானும் இங்கே தடுமாறும், ஏனெனில் கிருமியைக் கொல்ல வேண்டிய ஒளியை நிறப்பொருள்களே உறிஞ்சிக்கொள்ளும்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அடுத்த மழையில் மூன்று வெள்ளைக் கிண்ணங்களை வையுங்கள்: ஒன்று திறந்த வானத்தின் கீழ், ஒன்று மரத்தின் நேர் கீழ், ஒன்று மாடியிலிருந்து இறங்கும் குழாயின் வாயில். மரத்தடிக் கிண்ணம் இளமஞ்சளாகவும் குழாய்க் கிண்ணம் கருந்தேநீராகவும் இருந்தால், குற்றம் உயிருள்ள இலைகளுடையதன்று. மாடி மூலையிலும் வடிகால் வாயிலும் ஊறிக் கிடக்கும் சருகும் பிசுபிசுத்த இனிப்புக் காய்களும்தான் மூலம். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் இதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் உதிரும் சருகை மழைக்கு முன் பெருக்கி அள்ளுவதைவிட மலிவான வழி எதுவுமில்லை.

அடுத்தது, முதல் மழைநீரைச் சம்புக்குள் விடாமல் ஒதுக்குவது. 1,000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 93 லிட்டர் நீர் கிடைக்கும். முதல் 2 மில்லிமீட்டரை ஒதுக்க 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். டிரம்மின் அடியில் சொட்டுச் சொட்டாக வடியும் சிறு துளை இருந்தால் அடுத்த மழைக்குத் தானே காலியாகிவிடும், அந்த நீரைத் தோட்டத்துக்கு விடலாம். மரக்கவிப்பு இருக்கும் வீட்டில் இதன் பின்னும் சிறிது நிறம் வரத்தான் செய்யும். அதற்கு மணல், ஜல்லி வடிகட்டிக்குப் பிறகு கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) அடுக்கு ஒன்று வேண்டும். குளோரின் இடுவதானால் கரியைக் கடந்த பிறகே இடுங்கள், ஏனெனில் கரி குளோரினையும் பிடித்துக்கொள்ளும். கரியைக் கடந்த நீரில் மீண்டும் நிறம் தெரிந்தால் கரி நிறைந்துவிட்டது, மாற்ற வேண்டும். இதற்கிடையே சம்பை ஒருமுறை முழுதாக இறைத்து அடிச்சேற்றை அகற்றுவது அவசியம். விஷவாயு இருக்கக்கூடுமாதலால் யாரையும் உள்ளே இறக்காமல் மேலிருந்தே பம்ப்பால் செய்யச் சொல்லுங்கள்.

வாடை நீங்கிய நீரைச் செடிக்கும் கழிப்பறைக்கும் தரை கழுவவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெள்ளைத் துணி துவைக்க வேண்டாம், டானின் கறை படியும். இரும்புச் சத்துள்ள ஆழ்துளைக் கிணற்று நீரோடு கலந்தால் மை போலக் கறுத்தும் போகலாம். குடிக்கவும் சமைக்கவும் வேண்டுமானால், கரி வடிகட்டி பொருத்திய பின் நிறம், கலங்கல், ஈ.கோலி (மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா) மூன்றையும் ஆய்வகத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிறம், அதை அளக்கும் ஹேசன் அலகில் 5க்குள் இருப்பது நல்லது, 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக்கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், கரைந்த கார்பன் அப்படியே இருக்கும்.

மரத்தைப் பொறுத்தவரை, வீட்டுக்காரர் விரும்பினாலும் நினைத்த மாத்திரத்தில் வெட்ட முடியாது. 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் முன் அனுமதி தேவை, அது சொந்த மனையில் நிற்கும் மரத்துக்கும் பொருந்தும். மூன்று கிண்ணச் சோதனையின் முடிவை வீட்டுக்காரரிடம் முதலில் காட்டுங்கள்.