நோட்டிஃபிகேஷனை நிறுத்தினால் பதற்றம், விட்டால் படிப்பு போகிறது!

கேள்வி: இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஸ்டலில் இருக்கிறேன். படிக்க உட்கார்ந்தால் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. ஒரு நிமிடம் என்று எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. லேப் ரெக்கார்ட் எழுதுவதைக்கூடக் கடைசி இரவு வரை தள்ளிப்போடுகிறேன். எல்லாவற்றையும் ஆஃப் செய்து பார்த்தேன். கிளாஸ் குரூப்பில் என்ன வந்ததோ என்று இன்னும் அடிக்கடி எடுத்துப் பார்த்ததுதான் மிச்சம். என்ன செய்யலாம்?

பதில்: ஆஃப் செய்தும் பதற்றம் கூடியதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்விலும் இதுதான் நடந்தது. நோட்டிஃபிகேஷனே வராமல் நிறுத்தப்பட்டவர்களுக்குப் பதற்றம் அதிகமானது. நாளுக்கு மூன்று முறை மொத்தமாக வரும்படி செய்யப்பட்டவர்களுக்குக் கவனமும் நிம்மதியும் கூடின. அதனால் அடியோடு நிறுத்த வேண்டாம், நேரம் வகுத்துக்கொள்ளுங்கள்: மதியச் சாப்பாட்டுக்குப் பின், மாலை, இரவு பத்து மணி. நடுவில் அவசரம் என்றால் போன் செய்யும்படி கிளாஸ் ரெப்பிடமும் வீட்டிலும் சொல்லிவிடுங்கள். ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டிருந்தாலும் குறிப்பிட்ட சிலரின் அழைப்பு மட்டும் வரும்படி செட்டிங்ஸில் வைக்கலாம்.

வைப்ரேட்டில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். போனைத் தொடாவிட்டாலும், ஏதோ வந்திருக்கிறது என்று தெரிந்தாலே வேலையில் தவறுகள் கூடுவதை புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். போன் அலமாரிக்குள் இருக்கட்டும். நோட்ஸே போனில்தான் இருக்கிறது என்பீர்கள். அன்றைக்குப் படிக்க வேண்டிய பக்கங்களை மட்டுமாவது ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

இது பாதிதான். மீதிப் பாதியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்த மாற்றங்களைத் தொடங்கும் முன், போனை வழக்கம்போல மேஜையிலேயே வைத்து, இரண்டு நாள் ஒரு துண்டுத்தாளில் குறித்துப் பாருங்கள்: சத்தம் கேட்டு எடுத்தது எத்தனை முறை, சத்தமே இல்லாமல் நீங்களாக எடுத்தது எத்தனை முறை? இரண்டாவது வகையில், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். டெரிவேஷனில் ஒரு வரி புரியாமல் நின்றிருப்பீர்கள். ரெக்கார்டில் ரீடிங் ஒத்துவராமல் இருந்திருக்கும். தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். பெரும்பாலும் அது, வேலை தரும் எரிச்சலிலிருந்தும் பயத்திலிருந்தும் தப்பிக்கும் வழி. போன் அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். போன் இல்லையென்றால் பக்கத்து அறைக்குப் பேசப் போயிருப்பீர்கள்.

அதனால் மலைப்புத் தராத அளவுக்கு வேலையைச் சின்னதாக்குங்கள். “மூன்றாவது யூனிட் படிக்கணும்” என்று உட்காராமல், “இந்த ஒரு கணக்கை, தீர்வைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்கிறேன்” என்று உட்காருங்கள். புரியாத வரிக்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், அப்புறம் நண்பரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த ரெக்கார்டை இன்றிரவே வெளியே எடுங்கள். எக்ஸ்பெரிமென்ட் எண், தேதி, எய்ம் மூன்றையும் எழுதி, நோட்டை மூடாமல் மேஜையில் வைத்துவிட்டுப் படுங்கள்.