வீட்டில் செய்த பியசோ பிக்கப் ஏன் தகரம் போல ஒலிக்கிறது?

கேள்வி: அகூஸ்டிக் கிடாருக்கு வீட்டிலேயே பிக்கப் செய்ய முடியுமா? பஸ்ஸர் தட்டு ஒன்றை ஒட்டி மிக்சரில் செருகினேன். தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கிறது.

தாராளமாக முடியும். கிடாரின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவதுதான் பிக்கப்பின் வேலை, அதை பஸ்ஸர் தட்டும் செய்யும். என் கிடாரில் இருப்பதும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 27 மில்லிமீட்டர் பித்தளைத் தட்டுதான். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எதில் செருகினீர்கள் என்பதில்தான் கோளாறு.

பஸ்ஸர் தட்டைத்தான் பியசோ தட்டு என்கிறோம், அது ஒரு சின்னக் கெப்பாசிட்டர் மாதிரி. இந்த அளவுத் தட்டுக்குச் சுமார் 20 நானோஃபாரட் வரும். மிக்சரின் லைன் உள்ளீட்டில் மின்தடை பெரும்பாலும் 10 கிலோ ஓம். கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துகொண்டே போகும். கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். மெல்லிய முதல் கம்பியே விரல் வைக்காமல் மீட்டினால் 330தான். அப்படியென்றால் உங்கள் காதுக்கு வந்தது வெறும் மேல்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வுகள்! அதே தட்டை 1 மெகா ஓம் உள்ளீட்டில் செருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கிடார் ஆம்பில் செருகிப் பாருங்கள், அல்லது மிக்சரில் ஹை-ஸி பட்டன் (உள்ளீட்டின் மின்தடையைக் கூட்டுவது) இருந்தால் அழுத்துங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு ஜே-ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), சில ரெசிஸ்டர்கள், 9 வோல்ட் பேட்டரி வைத்து, தட்டுக்கும் மிக்சருக்கும் நடுவே உயர் மின்தடை உள்ளீடு தரும் சின்ன பஃபர் சர்க்யூட் கட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் இடம். கம்பிகளைத் தளர்த்திவிட்டு ஒலித்துளைக்குள் கையை விடுங்கள். பிரிட்ஜுக்கு (கிடாரின் மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டைக்கு) நேர் கீழே, கம்பிகளின் உருண்டை முனைகளுக்குப் பக்கத்தில், தடிப்பான ஒரு பலகை விரலில் படும். தட்டின் பித்தளைப் பக்கத்தை அதில் டபுள் டேப்பால் ஒட்டி, கம்பிகளை ஏற்றி வாசித்து, திரும்பத் தளர்த்தி இடம் மாற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் ஒரு விரல்கடை நகர்த்தினாலே ஒலி மாறுவது கேட்கும். எனக்கு நான்காம், ஐந்தாம் கம்பிகளுக்குக் கீழே சரியாக அமைந்தது. பிரிட்ஜை விட்டு விலகி, மெல்லிய பலகையில் ஒட்டினால் கை உரசுவதெல்லாம் ஸ்பீக்கரில் வரும். இடம் முடிவானதும் சூப்பர் க்ளூ மெல்லியதாகப் போதும்.

சால்டரிங்கில் அவசரம் நல்லது. நடுவில் உள்ள வெள்ளைப் பீங்கானில் நான் சூட்டை அதிக நேரம் வைத்து, வெள்ளிப் பூச்சு உரிந்து முதல் தட்டே வீணானது. ஓரிரு நொடிக்குள் எடுத்துவிடுங்கள். பித்தளையில் கிரவுண்ட், பீங்கானில் சிக்னல், இரண்டையும் ஜாக் வரை கொண்டுபோக ஷீல்டு வயர் (மேலே உலோக உறை உள்ளது). கரகரவென்று உறுமினால் பீங்கான் பக்கத்தை டேப்பால் மூடி, அதன்மேல் செம்புத் தாளைச் சுற்றிக் கிரவுண்டில் இணையுங்கள்.

ஜாக்குக்காகக் கிடாரில் இப்போதே துளை போட வேண்டாம். வயரை ஒலித்துளை வழியாக வெளியே விட்டு ஒரு மாதம் வாசியுங்கள், அதற்குள் தட்டின் இடத்தை இன்னும் இரண்டு முறையாவது மாற்றியிருப்பீர்கள்.