மடக்குக் கத்தி ஆசை: கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து, கத்தியைப் பற்றியவை. அரிவாள்மனை, காய்கறிக் கத்தி சமாசாரம் இல்லை; ஆசைக்கு வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் மடக்குக் கத்தி. எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். பித்தளைப் பூணும் கறுப்பு மரப்பிடியும் உள்ள பக் 110 என்ற அமெரிக்க மடக்குக் கத்தி ஒன்றை வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே எனக்கு அதன் மேல் ஒரு கண். இப்போது வாங்கலாம் என்று பார்த்தால் இணையத்தில் 1,400 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 9,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதை வாங்குவது சார்? (மஞ்சக்குப்பம் வாசகர்)

பதில்: 1,400 ரூபாய்க்கு இருப்பது பக் 110 இல்லை, அதன் ஜாடையில் செய்த வேறு கத்தி. அசல், அமெரிக்கக் கடையிலேயே இதைவிடப் பல மடங்கு விலைக்குத்தான் விற்கிறது. கப்பல் கூலி, சுங்கவரி, இறக்குமதியாளர் லாபம் எல்லாம் சேர்ந்து இங்கே வரும்போது 1,400-க்கு எப்படிக் கொடுப்பார்கள்?

உங்கள் மாமாவுக்கு அது ஏன் பிடித்தது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஹாய்ட் பக் என்ற கொல்லர் 1902-இல் கான்சாஸ் மாநிலத்தில் தேய்ந்த அரங்களை எடுத்துக் கத்தி அடிக்க ஆரம்பித்தார். அவர் மகன் ஆல் பக் காலத்தில், 1964-இல் வந்தது இந்த 110. அதுவரை வேட்டைக்குப் போகிறவர்கள் நீளமான உறைக்கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். மடக்குக் கத்தி என்றால் அழுத்தி வேலை செய்யும்போது விரல் மேலேயே மடங்கிவிடுமோ என்ற பயம். 110-இல் முதுகுப் பக்கம் ஒரு நெம்புகோல் இருக்கிறது. கத்தியைத் திறந்ததும் அதன் கொக்கி அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் 'டக்'கென்று விழும். பிடியின் பின்பக்கம் கட்டை விரலால் அழுத்தினால்தான் விடும். அந்த 'டக்' சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதில் ஒருவன்.

அசலைக் கையில் எடுத்தாலே தெரியும். 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே எடை இருக்கும். பாக்கெட்டில் போட்டால் பேன்ட் ஒரு பக்கம் இறங்கும். பித்தளையும் மரமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டக் கூடாது. அலகின் அடியில் கம்பெனி பெயரும் 110 என்ற எண்ணும் பொறித்திருக்கும். 1986-இலிருந்து எண்ணின் பக்கத்தில் வருடத்துக்கு ஒரு குறியும் போடுகிறார்கள். மாமாவின் கத்தி இன்னும் வீட்டில் இருந்தால் அந்தக் குறியைப் பாருங்கள், எந்த வருடத்தது என்று கண்டுபிடித்துவிடலாம். கம்பெனி 2005-இல் கலிஃபோர்னியாவில் சான் டியாகோ பக்கத்து எல் கஹோன் (El Cajon) ஊரிலிருந்து ஐடஹோ மாநிலத்துக்கு மாறியது. பெட்டியில் பழைய ஊர் அச்சாகியிருந்து, கடைக்காரர் "புது சரக்கு" என்றால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, செய்த நாடு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். இது சட்டப்படி கட்டாயம். இணைய விற்பனைப் பக்கத்திலும் எந்த நாட்டில் செய்தது என்று போட்டிருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பிடி கருங்காலியா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்கள் பிசின் ஏற்றி அழுத்திய அடுக்கு மரத்தைத்தான் கருங்காலி நிறத்தில் போட்டார்கள். நிஜக் கருங்காலியாகவே இருந்தாலும் அது வெளிநாட்டு வகை. கருங்காலி மாலை போடுகிற பக்தியோடு கத்தி வாங்க வேண்டாம்.

கேள்வி: தோல் உறையோடு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு சில்வர் பீச், பாண்டி என்று போய் வரலாமா? லைசென்ஸ் வேண்டுமா? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் பெல்ட்டில் மாட்டாதீர்கள்.

ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது. அதன் கீழ் உள்ள விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்றே செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. 110-இன் அலகு மூன்றே முக்கால் அங்குலம்தான்.

சட்டம் அப்படி இருந்தாலும் ரோட்டில் நிற்கிற காவலர் ஸ்கேலை எடுத்து அளந்துகொண்டிருக்க மாட்டார். பாண்டியிலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் பாட்டில் இருக்கிறதா என்று ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் துழாவுவது உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தக் கையில் பாட்டிலுக்குப் பதில் கத்தி தட்டுப்பட்டால், "ஆசைக்கு வாங்கினேன் சார்" என்ற பதில் அங்கே எடுபடாது. திருவிழாக் கூட்டம், அரசியல் ஊர்வலம், கோர்ட், ஆஸ்பத்திரி ஆகிய இடங்களுக்கு எடுத்துப் போகவே வேண்டாம். முந்திரித் தோப்புக்கோ மீன் பிடிக்கவோ போகிறீர்களா? பைக்குள் தூண்டில், கயிறு முதலிய சாமான்களோடு மடக்கிய நிலையில் இருக்கட்டும். பில்லின் படம் போனில் இருக்கட்டும்.

விமானத்தில் போனால் கேபின் பையில் கூடாது. செக்-இன் பெட்டியில் போட வேண்டும். டெல்லி போகிறவர்கள் வீட்டிலேயே விட்டுப் போவது நல்லது. அங்கே 1980-இலேயே ஓர் அறிவிக்கை போட்டிருக்கிறார்கள். ஸ்பிரிங், பட்டன் மாதிரி ஏதாவது பொறியால் திறந்து மூடும் கத்தியின் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் தொட்டாலே கட்டுப்பாடு. 110-இன் அலகு ஒன்பதரை சென்டிமீட்டர். அது அந்த வகையில் சேருமா சேராதா என்று டெல்லி போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாதாட யாருக்கு நேரம் இருக்கிறது?

கேள்வி: பாண்டி சண்டே மார்க்கெட்டில் மான்கொம்புப் பிடி போட்ட பழைய ஜெர்மன் கத்தி ஒன்று 800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? அதே ஆளிடம் தேனீ பொறித்த பிரெஞ்சுக் கத்தியும் இருக்கிறது. (முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: மான்கொம்பு வேண்டாம் அம்மா. ஒரு காலத்தில் நம் கடமான் கொம்புதான் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் கப்பல் கப்பலாகப் போய்க் கத்திப் பிடியானது என்பது உண்மைதான். ஆனால் இன்று கடமானும் புள்ளிமானும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. அவற்றின் கொம்பில் செய்த பொருளை விற்பதும் வாங்குவதும் குற்றம். "ரொம்பப் பழசு" என்று கடைக்காரர் சொன்னால் அது பாதுகாப்பு ஆகாது. பிளாஸ்டிக்கில் கொம்பு மாதிரி வார்த்த பிடியாகவும் இருக்கலாம். அப்படியானால் 800 ரூபாய் அதிகம்.

தேனீக் கத்தி லாகியோல். அது கம்பெனிப் பெயர் இல்லை, பிரான்சில் ஓர் ஊரின் பெயர். தேனீயைப் பொறித்து யார் வேண்டுமானாலும் செய்கிறார்கள், ஆசியத் தொழிற்சாலைகளில் செய்ததும் நிறைய. செய்த பட்டறையின் பெயர் அலகில் இல்லையென்றால் அலங்காரப் பொருளுக்குரிய விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். பிரெஞ்சுக் கத்திதான் வேண்டும் என்றால் ஓபினெல் பாருங்கள். 1890-இல் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் பிறந்தது. மரப்பிடி, ஒரு சுழல் வளையப் பூட்டு, அவ்வளவுதான். எட்டாம் நம்பர் கைக்கு அடக்கம். பழம் நறுக்க 110-ஐவிட அதுதான் சௌகரியம் என்று சொன்னால் 110 ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய மடக்குக் கத்தியில் பூட்டு நிற்கவில்லை. "கூர்மையான பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: முதலில் பூட்டுப் பள்ளத்தில் பஞ்சோ மணலோ அடைத்திருக்கிறதா என்று பல்குத்தியால் கிளறிப் பாருங்கள். பாக்கெட்டில் வைத்தால் அதுதான் பெரும்பாலும் காரணம். சுத்தம் செய்தும் நிற்கவில்லை என்றால் கத்தியில்தான் குறை. நான் முதன்முதலில் வாங்கிய மலிவு நகலும் இப்படித்தான். ஒரு தேங்காய்க் கயிறை அறுக்கும்போது மடங்கி ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. பூட்டு மடங்குவதை வீடியோ எடுத்துத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் கடலூரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் வீடு. உறையிலேயே வைத்திருந்த கத்தியில் பித்தளை பச்சை பூத்துவிட்டது. அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். தேய்க்கலாமா? அப்புறம், தம்பிக்கு ஒரு கத்தி பரிசாகக் கொடுக்க ஆசை. கத்தி கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்றும் அம்மாதான் சொல்கிறார்.

பதில்: குத்துவிளக்குக்குப் புளி சரி. கத்தியில் புளித்தண்ணீர் அலகுக்கும் பூட்டுக்கும் இறங்கினால் எஃகு கறுத்துப் புள்ளி விழும். துணியில் துளி பித்தளைப் பாலிஷ் தொட்டு, பூணை மட்டும் துடைத்தால் போதும். பச்சைக்குக் காரணம் கடல் காற்று மட்டும் இல்லை, உறையும்தான். தோல் பதனிடும்போது சேரும் அமிலம் ஈரத்தோடு சேர்ந்தால் பித்தளையைத் தின்னும். உறை என்பது எடுத்துப் போக. வீட்டில் வைக்க இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தோலே பூஞ்சணம் பிடிக்கும் ஊர் நம்முடையது. கத்தியைத் தனியாக, காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். கொஞ்ச நாளில் சிக்குப் பிடித்துப் பூட்டை இறுக்கிவிடும். சாணை பிடிப்பவரின் சக்கரத்திலும் கொடுக்காதீர்கள். சூடேறினால் எஃகின் பதம் போய்விடும். தண்ணீர்க் கல்லில் கையால் தீட்டினால் போதும்.

தம்பிக்குத் தாராளமாகக் கொடுங்கள். அம்மாவின் மனசுக்கு, அவனிடம் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுங்கள், விற்றதாகிவிடும். அசல் பில்லையும் மறக்காமல் அவனிடமே கொடுத்துவிடுங்கள்.